கார்மடி வீட்டுக் கிண்ணம்

கண்ணாடி அலுமாரியின் கதவு சாத்தியபடியே இருந்தது. திறப்பு வழக்கம்போலப் பூட்டிலேயே தொங்கியது. உள்ளே, வெள்ளைப் பின்னல் விரிப்பின் மேல், வெள்ளிக் கிண்ணம் மட்டும் இல்லை.

முதலில் கண்டவர் ஐலீன் கார்மடி. சக்கர நாற்காலியைச் சாப்பாட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்த றோசலினின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிறெண்டன், கிண்ணத்தை நீ எடுத்தாயா?"

அவருடைய அண்ணன் மகன் பிறெண்டன் முன்னறையிலிருந்து வந்து பார்த்தான். அலுமாரியைத் திறந்தான். குனிந்து அடித்தட்டையும் பார்த்தான். பிறகு நேராக வாசலுக்குப் போய்க் கதவை உள்ளால் பூட்டி, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

"ஒருவரும் வெளியே போகவேண்டாம்."

கனடாவில் தாங்ஸ்கிவிங் நன்றித் திருநாளின் ஞாயிறு, பிற்பகல். பார்க்டேலில் மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்த ஒரு தெருவில், பழைய செங்கல் வீடு. உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரி ஐலீன். றியல் எஸ்டேட் வழக்கறிஞரான பிறெண்டன். ஐலீனை அன்ரி என்று கூப்பிடும் றோசலின், அவளுடைய தம்பி கிளிபோட். ஐலீனைப் பராமரிக்க ஏஜென்சி ஒன்று அனுப்பிய யோகமலர். பின்கதவுக்குக் குளிர்காலத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதைத் திறந்த அடையாளம் இல்லை.

பிறெண்டன் முதலில் கேட்டது யோகமலரின் கைப்பையை. அவள் கொடுக்குமுன்பே வாங்கி, மேசையில் கொட்டினான். சீப்பு, பஸ் அட்டை, தைலப் போத்தல், மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி. கிண்ணம் இல்லை. ஆனாலும் அவன் ஏஜென்சிக்குப் போன் எடுத்தான். அதன் பிறகுதான் பொலிசுக்கு எடுத்தான்.

*

துப்பறியும் அதிகாரி நிரோஷினி வந்து சேர்ந்தபோது வீட்டைத் தேடி முடித்திருந்தார்கள். ரோந்துக் காரில் முதலில் வந்த கொன்ஸ்ரபிள் மெலிசா வாசலிலேயே விபரம் சொன்னாள். மெலிசா கனடாவில் பிறந்தவள். தமிழ் கேட்டால் விளங்கும், பேச்செல்லாம் ஆங்கிலம்.

"ஐந்து பேரையும் அவர்கள் சம்மதத்தோடு சோதித்துவிட்டேன். பைகள், கோட்டுகள், சோபா, குப்பை வாளி, சமையலறையில் இழுக்கிற லாச்சிகள், பிரிட்ஜ், கழிவறைத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. கிண்ணம் இவ்வளவு உயரம்." கையை விரித்துக் காட்டினாள். "அடி ஒரு சோசர் அகலம். சின்னதுதான், ஆனால் சட்டைப் பையில் மறைக்கக்கூடிய சாமான் இல்லை."

"வெளியில ஆரும் போகேல்ல?"

"ஒருவரும் போகவில்லை. அதுதான் விளங்கவில்லை."

நிரோஷினி அலுமாரியிலிருந்து தொடங்கினாள். பின்னல் விரிப்பு பனி போல வெள்ளை. நடுவில் மிளகளவில் மஞ்சளாக ஒரு பொட்டு. விரிப்பைத் தூக்கி மணந்தாள். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயின் மணம்.

"தளபாடப் பொலிஷ்," என்றாள் மெலிசா.

நிரோஷினி விரிப்பை உறைக்குள் போட்டாள்.

*

ஐலீன் முன்னறையில், மடியில் சாம்பல் நிறச் சால்வையுடன் இருந்தார். வயது எண்பதைத் தாண்டியும் பேச்சு தெளிவு.

"அது எட்மண்ட் கார்மடியின் கிண்ணம். எங்கள் மூதாதை. பதினெட்டாம் நூற்றாண்டில், அயர்லாந்தின் மேற்குக் கரையில் நிலம் வைத்திருந்தவர். கத்தோலிக்கர். அந்தக் காலத்தில் கத்தோலிக்கருக்கு நிலம் இருப்பதே பெரிய காரியம். தகப்பன் செத்தால் நிலத்தைப் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டும் என்று சட்டம். மூத்தவன் அரசின் புரட்டஸ்தாந்து மதத்துக்கு மாறினால் முழுவதும் அவனுக்கு."

"மாறினாரா?"

"எட்மண்டின் மூத்த மகன் மாறினார். நிலம் முழுக்க அவருக்குப் போனது. இளையவர் மாறவில்லை. அவருக்கு இந்தக் கிண்ணம் மட்டும் கிடைத்தது. நாங்கள் இளையவரின் வழி. ஒரு கிளை இங்கே வந்தது, இன்னொரு கிளை இலங்கைக்குப் போனது."

"பூசைக் கிண்ணமா?"

"ஒளித்து நடத்திய பூசைக்கு. அப்போது பூசைக்குத் தடை. ஒருநாள் படைவீரர்கள் எட்மண்டின் வீட்டைச் சோதித்தார்களாம். ஆட்களின் உடுப்பை உதறி, நிலப் பலகையைக்கூடப் பெயர்த்துப் பார்த்தார்களாம். கிண்ணம் அகப்படவில்லை. அடுத்த ஞாயிறு அதே கிண்ணத்தில் பூசை நடந்தது. கடவுள் அவர்கள் கண்ணை மறைத்தார் என்று என் அப்பா சொல்வார்."

"நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

"வீரர்கள் குடித்திருப்பார்கள் என்று."

நிரோஷினிக்குச் சிரிப்பு வந்தது. "இன்று அதை என்ன செய்வதாக இருந்தீர்கள்?"

"றோசலினுக்குக் கொடுப்பதாக. எனக்குப் பிள்ளைகள் இல்லை. இலங்கைக் கிளை அவள்தானே. சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பிள் பை வெட்டுமுன் கொடுக்க நினைத்தேன்."

*

"நான் எதிர்க்கவில்லை," என்றான் பிறெண்டன். அவனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. "ஒன்றைத்தான் கேட்டேன். மரபணுச் சோதனை. குடும்பச் சொத்துக் கைமாறும்போது கேட்பது நியாயம்தானே? பிரான்சிஸ் கார்மடி இலங்கையில் தேயிலைத் தோட்டம் செய்தார், அது உண்மை. அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பது இவர்கள் சொல்லும் கதை."

"எப்போது கேட்டீர்கள்?"

"சாப்பாட்டு மேசையில்."

"றோசலின் கோபித்தாரா?"

"இல்லை. சிரித்தார். நாளைக்கே துப்பிக் கொடுக்கிறேன் என்றார். தம்பிதான் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவ எழுந்தான்."

"சாப்பிட்ட பிறகு நீங்கள் சாப்பாட்டறைக்குப் போனீர்களா?"

"வைன் எடுக்கப் போனேன். அலுமாரியைப் பார்க்கவில்லை." அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்பிள் பை வைக்கத் தட்டு அடுக்கிக்கொண்டு அங்கே தனியாக நின்றது அந்தப் பராமரிப்புக்காரி. அதை எழுதிக்கொள்ளுங்கள்."

"எல்லோரும் ஒவ்வொரு தரம் தனியாக நின்றிருக்கிறீர்கள், மிஸ்ரர் கார்மடி."

*

யோகமலர் சமையலறைக் கதிரையின் நுனியில் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அழவில்லை. போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்சியால போன் எடுத்தவை. பொலிஸ் முடிவு வரும்வரைக்கும் வேலைக்கு வரவேண்டாமாம். உந்தக் கறை ஒருக்காப் பட்டா இனி ஆரும் வீட்டுக்குள்ள விடமாட்டினம், தங்கச்சி."

"அலுமாரியை இண்டைக்குத் திறந்தனீங்களோ?"

"காலமை திறந்தனான். அந்த வெள்ளை விரிப்பைத் தோச்சுக் காயவச்சு, அயர்ன் பண்ணி விரிச்சனான். விசேஷ நாளெல்லோ."

"அதில ஏதும் கறை இருந்ததோ?"

"ஒரு பொட்டும் இல்லை. பிறகு கிண்ணத்தை மேல வச்சுப்போட்டுச் சாத்தினனான். அதோட சரி."

"பிறகு அந்த அறைக்குள்ள ஆர் ஆர் போனவை?"

"பிறெண்டன் போத்தல் எடுக்க வந்தவர். றோசலின் அக்கா போன் எடுக்க வந்தவ. கிளிபோட் அண்ணை மேசையைத் துடைச்சு, பாத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனவர். அதுக்குப் பிறகுதான் நான் தட்டு அடுக்கப் போனனான். கிண்ணம் இருந்ததோ இல்லையோ எண்டு நான் பாக்கேல்ல. பாத்திருக்கலாம்."

அவளுக்குப் பின்னால், பாத்திரம் காயவைக்கும் தட்டில், றோசலின் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் சட்டிகளும் சின்னக் கிண்ணங்களும் கவிழ்ந்து கிடந்தன.

*

றோசலின் சாப்பாட்டறைக்குள் வந்ததும் கதவை மெல்லச் சாத்தினாள். அறுபதை எட்டியவள். சேலைத் தலைப்பில் இன்னும் கறியின் மணம்.

"யோகம் எடுக்கேல்ல. அதை முதல் எழுதுங்கோ."

"எப்பிடித் தெரியும், அக்கா?"

"அவவை எனக்குத் தெரியும். அவ்வளவுதான்."

"நீங்கள் இந்த வீட்டுக்கு எப்பிடி வந்தனீங்கள்?"

றோசலின் கதிரையை இழுத்து இருந்தாள். "நான் மன்னார். என்ர கன்னிப் பேர் றோசலின் கார்மடி. அப்பப்பா மைக்கல் கார்மடி, மலைநாட்டுத் தோட்டத்தில பிறந்து மன்னாருக்குப் படிப்பிக்க வந்த மனுசன். ஊரில எங்களைத் துரை வீட்டுப் பிள்ளையள் எண்டு நக்கலடிப்பினம். அகதியா வந்து இஞ்ச பார்க்டேலில ஒரு அறையில அஞ்சு பேரா இருந்தம். ஒருநாள் இந்த வாசல்ல பித்தளைப் பலகையில கார்மடி எண்டு கிடந்தது. தட்டினன். நானும் கார்மடிதான் எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில சொன்னன். அன்ரி விழுந்து விழுந்து சிரிச்சா. பிறகு மேல்மாடியைத் தந்தா. என்ர கலியாணம் நடந்தது இந்த முன்னறையில. தம்பியை ஸ்பொன்சர் பண்ணக் கையெழுத்து வச்சதும் அவதான்."

"இப்ப எங்க இருக்கிறீங்கள்?"

"அஜின்கோர்ட். எண்டாலும் ஞாயிறு பூசை முடிய இஞ்ச வந்துடுவன்."

"கிண்ணத்தின்ர படம் ஏதும் இருக்கோ?"

றோசலின் போனை நீட்டினாள். "ஈஸ்டருக்கு எடுத்தது. அதுக்கு முந்திக் கறுத்துப் போய்க் கிடந்தது. அன்ரி மினுக்கச் சொன்னவ. தம்பிதான் கடைக்குக் கொண்டுபோய்க் குடுத்து வாங்கிக்கொண்டு வந்தவன். பாருங்கோ, கண்ணாடி மாதிரி."

நிரோஷினி படத்தைப் பெருப்பித்தாள். கவிழ்த்த மணி போன்ற அடி, நடுவில் குமிழ் வைத்த தண்டு, மேலே சிறிய கிண்ணம். கிண்ணத்துக்குக் கீழே தலைமயிர் போல ஒரு மெல்லிய கோடு. அடிக்கு மேலேயும் அதேபோல இன்னொன்று.

"முந்தின படம் இருக்கோ? கறுத்துக் கிடந்த நேரத்தில எடுத்தது?"

இருந்தது. அதில் கோடு எதுவும் தெரியவில்லை.

"இதை எனக்கு அனுப்பிவிடுங்கோ, அக்கா."

*

கிளிபோட் கடைசியாக வந்தான். ஐம்பது கடந்தவன், பிறம்ரனில் லொறிக் கம்பனி ஒன்றில் லொறிகளை வழியனுப்பும் டிஸ்பாச்சர். மெலிசா ஒரு மூலையில் இருந்து குறிப்பெடுத்தாள்.

"கிண்ணத்தைக் கடைசியா எப்பப் பாத்தனீங்கள், அண்ணை?"

"சாப்பிட இருக்கேக்க. அலுமாரிக்குள்ள இருந்தது."

"அலுமாரியைத் திறந்தனீங்களோ?"

"நான் ஏன் திறக்கிறன்?"

"சாப்பிட்ட பிறகு என்ன செய்தனீங்கள்?"

"மேசையைத் துடைச்சன். பாத்திரம் கழுவினன். அன்ரிக்குக் குளிருது எண்டு அறையில இருந்து சால்வை எடுத்துக்கொண்டு வந்து குடுத்தன். அவ்வளவுதான்."

"கிண்ணம் வெளியில போயிருக்கும் எண்டு நினைக்கிறீங்களோ?"

"அதுகள் எங்க போறது? இந்த வீட்டுக்குள்ளதான் எங்கயாவது கிடக்குதுகள். வடிவாத் தேடினா வரும்."

"யோகமலர் அக்கா எடுத்திருப்பாவோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "எனக்குத் தெரியாது."

அவன் போன பிறகு நிரோஷினி மெலிசாவின் குறிப்பை வாங்கிப் படித்தாள். ஒரு வரியில் அவள் விரல் நின்றது. அதைத் திரும்பவும் படித்தாள்.

"நீ ஒன்றும் பிழையாக எழுதவில்லை," என்றாள். "ஆங்கிலத்தில் எழுதியதுதான் பிழை."

பிறகு தனியாகச் சமையலறைக்குள் போனாள். காயவைக்கும் தட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டாம் லாச்சியைத் திறந்து பார்த்தாள். அங்கிருந்து ஐலீனின் படுக்கையறைக்கு நடந்தாள்.

*

நாலு மணி தாண்டியிருந்தது. எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள், யோகமலர் மட்டும் சமையலறை வாசலில் நின்றாள். நிரோஷினி ஒரு துவாயில் சுற்றிய ஏதோ ஒன்றை மேசையில் வைத்தாள். ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள்.

"மிஸ் கார்மடி, உங்கள் எட்மண்டின் கதையில் கடவுள் யாருடைய கண்ணையும் மறைக்கவில்லை. வீரர்களும் குடித்திருக்கவில்லை. அவர்கள் தேடியது ஒரு கிண்ணத்தை. வீட்டில் அப்போது கிண்ணம் இருக்கவில்லை."

துவாயை விரித்தாள். ஒரு சின்ன எவர்சில்வர்க் கிண்ணம்போல ஒன்று கிடந்தது.

"உது என்ர கிண்ணமெல்லோ?" என்றாள் றோசலின்.

"கையில எடுத்துப் பாருங்கோ, அக்கா."

றோசலின் எடுத்தாள். பாரம் அவளுக்கு வித்தியாசமாக இருந்தது. திருப்பினாள். அடியில், திருகு மரையோடு ஒரு சின்ன முளை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது மூன்றாகக் கழரும்," என்றாள் நிரோஷினி. "கிண்ணம், தண்டு, அடி. கழற்றி மூன்று இடத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது. எட்மண்டின் வீட்டில் அப்படித்தான் தப்பியது. பிறகு கறுப்பு ஏறி, மரை இறுகி, கழரும் என்பதையே குடும்பம் மறந்துவிட்டது. இன்றும் நாங்கள் ஒரு கிண்ணத்தைத் தேடினோம். இந்தத் துண்டு றோசலினின் பாத்திரங்களோடு கவிழ்ந்து கிடந்தது. தண்டு சமையலறை லாச்சியில், முட்டை அடிக்கும் மிக்ஸியின் கம்பிகளோடு. அடி, படுக்கையறையில் யேசுவின் திரு இருதயச் சிலைக்கு முன்னால், மெழுகுதிரிக்குக் கீழே." அந்த இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"நான் அந்த மெழுகுதிரியைப் பார்த்தேன்," என்றாள் மெலிசா மெல்ல.

"எல்லோரும் பார்த்தோம்."

பிறெண்டன் முன்னால் வந்தான். "கழரும் என்று யாருக்குத் தெரியும்?"

"ஈஸ்டருக்கு அதை மினுக்கிய கடைக்காரருக்கு. மரையைக் கழற்றித் துடைத்து, திரும்ப இறுகாமல் இருக்க எண்ணெய் விட்டிருக்கிறார். இன்று காலை யோகமலர் தோய்த்து விரித்த விரிப்பில் அந்த எண்ணெய் ஒரு பொட்டு விழுந்திருக்கிறது. ஆகவே கழற்றியது இன்று, அலுமாரிக்கு முன்னாலேயே. கடைக்காரரிடம் அதைக் கொடுத்து வாங்கியவருக்கும் அது கழருவது தெரிந்திருக்க வேண்டும்."

ஒருவரும் கிளிபோட்டைப் பார்க்கவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் விளங்கியது என்று தெரிந்தது.

"அது மட்டும் இருந்தால் நான் இன்னும் யோசித்திருப்பேன்," என்றாள் நிரோஷினி. "ஆனால் நாலு பேர் என்னோடு பேசினார்கள். நாலு பேரும் அது, அதை என்றார்கள். ஐந்தாவது ஆள் மட்டும் தமிழில் வேறுவிதமாகச் சொன்னார். கொன்ஸ்ரபிள் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருமையாகிவிட்டது. ஒரு கிண்ணத்தை எழுதத்தானே அவரும் நினைத்திருப்பார்." அவள் தமிழுக்கு மாறினாள். "கிளிபோட் அண்ணை, நான் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டனான். நீங்கள் அதுகள் எண்டு சொன்னீங்கள். வீட்டுக்குள்ளதான் கிடக்குதுகள் எண்டு சொன்னீங்கள். ஒரு கிண்ணம் எப்பிடி அண்ணை கிடக்குதுகள்?"

கிளிபோட் எழும்பி நின்றான். இருக்கச் சொன்னால் இருந்திருப்பான். ஒருவரும் சொல்லவில்லை.

"விக்க எடுக்கேல்ல," என்றான்.

"தெரியும். விக்கிற ஆள் சுருவத்துக்கு முன்னால வைக்கமாட்டார். மேசையில மரபணுச் சோதனை எண்ட கதை வரேக்கதான் எழும்பினீங்கள். நீங்கள் முதலே செய்திட்டீங்கள் போல."

"ஓம்." அவன் அக்காவைப் பார்க்காமல் பேசினான். "போன கிறிஸ்மஸுக்கு மகள் ஒரு பெட்டி தந்தவள். துப்பி அனுப்பினன். அயர்லாந்து எண்டு ஒரு சொட்டும் இல்லை. முழுக்க இந்தியா, இலங்கை. பிறகு மன்னாரில சித்தப்பாவுக்குப் போன் எடுத்து உலுப்பினன். அப்பப்பா தோட்டக் கூலியாக்களின்ர லயத்தில தாய் தேப்பன் இல்லாமல் நிண்ட பிள்ளையாம். காய்ச்சலில ரெண்டு பேரும் செத்திட்டினமாம். பிரான்சிஸ் துரை ஞானஸ்நானம் குடுப்பிச்சு, தன்ர பேரையும் குடுத்தாராம். நாங்கள் கார்மடி இல்லை. பேர் மட்டும்தான்."

றோசலின் அந்தச் சின்னக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பிறெண்டன் அப்பிடிக் கேக்க, நீ சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டாய். கிண்ணம் இல்லாட்டி குடுக்கிறதும் இல்லை, சோதனையும் இல்லை. வேற ஒண்டும் யோசிக்கேல்ல, அக்கா. உன்ர பாத்திரங்களோட ஒண்டை எடுத்து, மற்றதுகளை அடுத்த ஞாயிறு எடுத்து, எங்கயாவது கோயிலில குடுத்துவிடுவம் எண்டு..."

நிரோஷினி அதை ஐலீனுக்கும் பிறெண்டனுக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடித்ததும் றோசலின் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு முப்பது வரியத்துக்கு மேலா அன்ரி இருக்கிறா," என்றாள் பிறகு. குரல் உயரவில்லை. "நீ துப்பின துப்பலில அவ இல்லாமல் போயிட்டாவோடா?"

"அக்கா..."

"பத்து மாசம் தெரிஞ்சுகொண்டு என்னோட ஒவ்வொரு ஞாயிறும் வந்து சாப்பிட்டிருக்கிறாய்."

ஐலீன் கையை நீட்டினார். றோசலின் போய்ப் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

"நீ கதவைத் தட்டியது சனவரி மாதம்," என்றார் ஐலீன். "துணிச் சப்பாத்துப் போட்டிருந்தாய். அது நனைந்து விறைத்திருந்தது. உள்ளே வா என்று நான் முதலில் சொன்னேன். உன் பெயரை நீ சொன்னது உள்ளே வந்து, அடுப்படியில் காலைச் சூடாக்கின பிறகு. முப்பது வருடமாக இந்தக் கதையை நீ மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். சிரிப்பாக இருந்ததால் நானும் திருத்தவில்லை."

பிறெண்டன் சன்னல் பக்கம் திரும்பி நின்றான். கொஞ்ச நேரத்தில் வந்து தண்டையும் அடியையும் எடுத்துப் பொருத்தப் பார்த்தான். மரை பிடிக்கவில்லை. றோசலினிடம் நீட்டினான். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு இறுக்கினாள். மேலே கிண்ணத்தையும் வைத்துத் திருகி, ஐலீனின் மடியில் வைத்தாள்.

"இது றோசலினுக்குத்தான்," என்றார் ஐலீன். "சோதனை ஒன்றும் வேண்டாம். பிறெண்டன்?"

"வேண்டாம்," என்றான் அவன்.

*

"முறைப்பாடு?" என்று நிரோஷினி கேட்டாள்.

"கிண்ணம் வீட்டை விட்டுப் போகவில்லை. முறைப்பாடும் இல்லை," என்றார் ஐலீன்.

"எனக்கு இருக்கு."

சொன்னவள் யோகமலர், சமையலறை வாசலில் நின்றபடியே. பிறெண்டன் அவளிடம் போனான். முகம் சிவந்திருந்தது. தான் செய்தது பிழை என்றும் மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னான். அவள் தலையாட்டினாள். பார்வை அவனைத் தாண்டி நின்றது.

"அவருக்கு என்னைத் தெரியாது. சந்தேகப்பட்டார். உங்களுக்குத் தெரியும், கிளிபோட் அண்ணை. என்ர பையைக் கொட்டேக்க நீங்கள் அதில நிண்டனீங்கள். இந்தப் பிள்ளை கேட்கேக்கயும் தெரியாது எண்டு சொல்லியிருக்கிறீங்கள். சுவருக்கு அங்கால நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். இல்லை எண்ட ஒரு சொல்லு. அதைச் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

கிளிபோட் அவளை நோக்கி ஓரடி வைத்து நின்றான்.

"ஏஜென்சிக்கு எடுங்கோ. இப்ப. நான் கேட்கத்தக்கதாச் சொல்லுங்கோ."

கிளிபோட் போனை எடுத்தான். அவள் இலக்கத்தைச் சொல்ல அழுத்தினான். ஞாயிற்றுக்கிழமை கடமையில் இருந்த பெண்ணொருத்தி எடுத்தாள். ஒலியைப் பெரிதாக்கிவிட்டு, தன் பெயரைச் சொன்னான். பார்க்டேல் வீட்டில் காணாமல் போன பொருளை எடுத்தது நான், ஒளித்ததும் நான், யோகமலருக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை என்றான். மறுமுனையில் அந்தப் பெண், திரும்பச் சொல்லமுடியுமா, எழுதிக்கொள்கிறேன் என்றாள். இரண்டாந்தரம் அவன் சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னான். அதிகாரியும் பேசவேண்டும் என்றாள் அவள். நிரோஷினி வாங்கி, வழக்கு முடிந்தது என்று உறுதிப்படுத்தினாள்.

"நாளைக்கு நான் வருவேன்," என்றாள் யோகமலர் ஆங்கிலத்தில், ஐலீனைப் பார்த்து. பிறகு தமிழில், "இவர் இருக்கிற நேரம் வரமாட்டன்," என்றாள்.

கிளிபோட் தலையாட்டினான். கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே போனான். றோசலின் எழும்பவில்லை.

நிரோஷினியும் மெலிசாவும் வெளியே வந்தபோது அவனுடைய கார் தெருவோரத்தில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் அப்படியே இருந்தான்.

முன்னறைச் சன்னலில் ஐலீனின் நாற்காலியும் அதற்குப் பின்னால் றோசலினும் தெரிந்தார்கள். திறந்திருந்த வாசலால் ஐலீனின் குரல் கேட்டது.

"போய்க் கூட்டிக்கொண்டு வா. குளிருக்குள் இருக்கிறான்."

"நாளைக்கு, அன்ரி," என்றாள் றோசலின். "இன்றைக்கு என்னால் முடியாது."

அவள் வந்து கதவைச் சாத்தினாள். சன்னல் திரையை மட்டும் இழுக்காமல் விட்டாள்.